வாடகைக்குப் போன பிள்ளைத்துணி

லோம்பேயைப் பற்றி எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும், "அழுத்தக்காரி, வளர்த்த அக்காவையே தள்ளி வைத்தவள்" என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த அக்கா எக்சில்டா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செம்புச் சுரங்க ஊரான லுவன்ஷாவில் எங்கள் பகுதி கிளினிக் வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்கிறேன், பதினாறு வருடமாக. மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். என் மூத்தவன் கபாசோ, அதனால் நான் எல்லாருக்கும் பானா கபாசோ, கபாசோவின் அம்மா. லோம்பேக்கு இருபத்தொன்பது வயதாகியும் அப்படி ஒரு பேர் கிடைக்கவில்லை. சின்னப் பெண்கள்கூட அவளை வெறும் லோம்பே என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்கும் எனக்கே சுருக்கென்று இருக்கும்.

அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா போனார், அடுத்த வருடமே அம்மா. சுரங்கம் மூடிக் கிடந்த காலம் அது, உறவுக்காரர்கள் எல்லாரும் அவரவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயது எக்சில்டாதான் தங்கையை எடுத்து வளர்த்தாள். கிளினிக்கில் வார்டு பெருக்கும் வேலை பார்த்தாள், தங்கைக்குச் சோறு போட்டாள், ஏழாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள், முசொண்டா என்ற வெல்டிங்காரனுக்குக் கட்டியும் கொடுத்தாள். இதையெல்லாம் நான் மறைக்கப்போவதில்லை. எக்சில்டா கெட்டவளாகவே பிறந்தவள் என்றால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் லோம்பே முதல் தடவை உண்டானாள். அப்போது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறாம் மாதத்திலேயே பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் வாங்கி வீட்டு அலமாரியில் அடுக்கிவிட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் குட்டிச் சட்டையை எடுத்துப் பார்ப்பார்கள், கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எட்டாம் மாதம் குழந்தை அசையாமல் பிறந்தது. வராத பிள்ளைக்குப் பேச்சும் கிடையாது, பொருளைக் காட்டவும் கூடாது என்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். "காட்டினா இல்ல, அதான்" என்று அவள் காது கேட்கவே சொன்னார்கள். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றியவள் எக்சில்டா. லோம்பேயை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அவளே பெண்களோடு போய்ப் புதைத்துவிட்டு வந்தாள்.

மூன்று வருடம் கழித்து மறுபடி உண்டானபோது லோம்பே யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு பெரிய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டில் கப்பெந்தா கருவாட்டுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஆறாம் மாதத்தில் அவள் நடையைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். கேட்கவில்லை. இரண்டு உருண்டை கூடப் போட்டுக் கொடுத்தேன், அவளும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

கிளினிக்கில் ஐந்தாம் மாதமே ஒரு சீட்டு கொடுத்துவிடுவார்கள், பிரசவத்துக்கு வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று. குளிப்பாட்டும் தொட்டி, இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, பஞ்சு, தொப்புள்கொடி கிளிப், டெட்டால், பிளீச்சிங், ஒரு டஜன் நாப்பித் துணி, மூன்று போர்வை, குல்லா, காலுறை, சட்டை இரண்டு, அம்மாவுக்கு நாப்கின், இடுப்பில் சுற்றி உடுத்த இரண்டு சித்தேங்கே துணி. இல்லாமல் போனால் நர்ஸ் கேட்கிற கேள்வியில் பிரசவ வலியே பரவாயில்லை என்று தோன்றும். முசொண்டாவுக்கு ஒப்பந்தக்காரன் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தான். ஆக, அந்தச் சீட்டு முழுதும் லோம்பேயின் கருவாட்டுத் தலையில் விழுந்தது.

அவள் அதை எப்படிச் சமாளித்தாள் என்று பிறகு எனக்குச் சொன்னாள். பத்துக் கோப்பை கருவாடு விற்றால் ஒரு கோப்பைக் காசு தனி முடிச்சு. அதை ஷிமாக் களிக்கு மாவு தீர்ந்தாலும் தொடக்கூடாது. மார்க்கெட்டுக்கு மினிபஸ் கிடையாது, நாலு கிலோமீட்டர் நடை. தலைமுடி பின்னக் காசு கொடுக்காமல் ஒட்ட வெட்டிக்கொண்டாள். புருஷன் இறைச்சி கேட்டால், "கருவாடுதான் ஒடம்புக்கு நல்லதாம், ரேடியோல சொன்னான்" என்பாள். அவன், "எந்த ரேடியோ, நம்ம வீட்டு ரேடியோவுக்கு பேட்டரி செத்து ஆறு மாசம் ஆச்சே" என்பான். இருவரும் சிரித்துக்கொண்டே கருவாட்டைத் தின்பார்கள்.

முதலில் தொட்டி, முப்பத்தைந்து குவாச்சா. அடுத்த மாதம் நாப்பித் துணி ஆறு, அதற்கடுத்து இன்னொரு ஆறு. போர்வையில் ஒன்றுதான் புதிது. மற்ற இரண்டும், மஞ்சள் ஒன்று நீலம் ஒன்று, பழந்துணிச் சந்தையில் மூட்டை பிரிக்கும் நாள் பார்த்து விடியற்காலையே போய், கும்பலில் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு பொறுக்கி எடுத்தவை. மஞ்சள் போர்வையின் ஓரம் நைந்திருந்தது. தன் பச்சை ஸ்வெட்டரைப் பிரித்து நூலெடுத்து அதற்குச் சுற்றிலும் கரை பின்னினாள். சாயங்காலம் மின்சாரம் போகிற நேரமாகப் பார்த்து, யாரும் வந்து எட்டிப் பார்க்காத நேரத்தில், தடவித் தடவிப் பின்னியது. ஒரு மூலையில் அவள் பின்னல் கொஞ்சம் கோணிக்கொண்டது.

வாங்கியதையெல்லாம் வீட்டில் வைக்க அவளுக்குப் பயம். எக்சில்டாதான் வழி சொன்னாள். கிளினிக் பின்சுவரை ஒட்டி இருக்கிறது அவள் வீடு, நீலக் கதவு. "எங்கிட்ட குடு. நான் பெரியம்மாடி அந்தப் புள்ளைக்கு. நீ வலி வந்து உள்ள போனதும் நான் பெட்டியத் தூக்கிட்டு செவுத்த சுத்தி வந்துடறேன். உன் வீட்ல ஒரு நூல்கூட இருக்க வேணாம்" என்றாள். எங்கள் வழக்கத்தில் அம்மாவின் அக்கா இன்னொரு அம்மா. அவளிடம் கொடுப்பதைவிடப் பத்திரமான இடம் ஏது. ஒவ்வொரு பொருளாக, கருவாட்டுக் கூடைக்கு அடியில் வைத்து, லோம்பே கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தாள், அவள் தன் சூட்கேஸில் அடுக்கினாள். எட்டாம் மாத முடிவில் சீட்டில் எல்லாவற்றுக்கும் கோடு விழுந்துவிட்டது.

இனி என் பங்கு. அந்தக் குளிர்காலத்தில் கிளினிக் வாசலில் ஒரு புதுச் செய்தி உலாவியது. சீட்டில் உள்ளதை வாங்க முடியாத பெண்களுக்குப் பின்பக்கத்து நீலக் கதவுக்காரி எல்லாம் வாடகைக்குத் தருகிறாள், நாளுக்கு ஐம்பது குவாச்சா, துவைத்துத் திருப்ப வேண்டும். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். வெறுங்கையோடு நிற்கிற பெண்ணைக் காவலாளி விரட்டும்போது, "பின்னாடி போம்மா, நீலக் கதவு" என்று நானே கை காட்டினேன். மூன்று பேரை அனுப்பியிருக்கிறேன், நாலாகக்கூட இருக்கலாம். எக்சில்டா முன்பு வார்டில் வேலை பார்த்தவள், பழையது ஏதோ வாங்கி வைத்துப் பிழைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். லோம்பேயின் பெட்டி அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அவள்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை, லோம்பே கடைசிப் பரிசோதனை முடித்து என் அடுப்பருகே வந்து நின்றாள். கைகளை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே காட்டிக் குளிர் காய்ந்தாள். தேதிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றாள். அவளாக வாய் திறந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முசொண்டாவுக்கு தூரத்து ஊரான சோல்வெசியில் ஒரு மாத வேலை கிடைத்து முந்தின நாள்தான் போயிருந்தான். "காசோட வருவாரு. எல்லாம் தயாரா இருக்கு பானா கபாசோ. எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

அப்போதுதான் கேட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். பதினேழு வயதுதான் இருக்கும், கூட அவள் அம்மா. குழந்தை மஞ்சள் போர்வையில் இருந்தது. பச்சைக் கரை.

லோம்பே கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தாள். நேராகப் போய் அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் குடும்மா, பாக்கறேன்" என்றாள். பெண்ணும் பெருமையாகக் கொடுத்தாள். லோம்பே குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே மூலை மூலையாகப் போனாள். மூன்றாவது மூலையில் அவள் விரல் நின்றது.

"இது எங்க வாங்கினது?" என்று கேட்டாள்.

"வாங்கலக்கா, வாடகைக்கு. பின்னாடி ஒரு அம்மா தராங்க" என்றாள் பெண். அவள் அம்மா என்னைக் காட்டி, "இவங்கதான் வழி சொன்னாங்க, புண்ணியவதி" என்றாள்.

லோம்பே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா அனுப்பினீங்க?"

எனக்குப் புரியவே இல்லை. "ஆமா, நீலக் கதவுக்கு. ஏன்?" என்றேன். அவள் குழந்தையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். அவள் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வாழைப்பழக்காரியிடம் அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் போனேன்.

எக்சில்டா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கயிறு நிறைய நாப்பித் துணி. தங்கையைப் பார்த்ததும் ஒரு நொடி கயிற்றுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றாள், அவ்வளவு துணியை ஒருத்தி மறைக்க முடியும் என்பது போல.

"பெட்டியத் தொறக்கா" என்றாள் லோம்பே.

"இப்ப எதுக்கு? ஒம்பதாம் மாசத்துல தொறந்து பாக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்."

"தொற."

"பாத்து பாத்துதான போன தடவ அப்படி ஆச்சு. மறந்துட்டியா லோம்பே?"

இந்தப் பேச்சைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பிறகு லோம்பே சொன்னாள், இரண்டு மாதமாக அவள் எப்போது பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாலும் எக்சில்டா இதையே சொல்லியிருக்கிறாள். செத்துப் பிறந்த பிள்ளையைத் தன் கையால் சுற்றியவள், அந்தப் பிள்ளையையே எடுத்துப் பெட்டிக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறாள். அக்கா சொல்கிறாளே என்று இவளும் பயந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெட்டியைத் தொடாமல் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறாள்.

லோம்பே அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தானே பெட்டியைத் திறந்தாள். டெட்டால் பாட்டிலில் அடியில் ஒரு விரல் அளவு. பஞ்சு இல்லை. பிளீச்சிங் இல்லை. நாப்பித் துணி ஒன்றிரண்டில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை. புதிதாக வாங்கிய ஒரே போர்வை கழுத்து நைந்த சட்டை மாதிரி நூல் நூலாக இருந்தது. லோம்பே ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

எக்சில்டா அழ ஆரம்பித்தாள். "மொதல்ல ஒரு பொண்ணு வந்துச்சுடி. புள்ளைய நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாங்க. நீ பாத்திருந்தா நீயே எடுத்துக் குடுத்திருப்ப."

"குடுத்திருப்பேன். எங்கிட்ட கேட்ருந்தா நானே கொண்டுபோய் சுத்தி விட்ருப்பேன்" என்றாள் லோம்பே. "அந்த ஒண்ணு சரி. மத்ததுக்கு?"

"அவ அம்மா இருவது குவாச்சா கையில திணிச்சா. நான் கேக்கல. அப்புறம் ஆள் வந்துகிட்டே இருந்தாங்க. வீட்ல பரீட்சைப் பணம் கட்டணும், பெரியவளுக்குப் பன்னண்டாம் வகுப்பு. உனக்குத் தெரியாதா? துவைச்சு, இஸ்திரி போட்டு, நல்ல வெயில்ல காய வச்சுத்தான் வைக்கிறேன். துணிக்கு என்ன ஆச்சு? உன் புள்ளைக்கு வர்றதுக்குள்ள எல்லாம் திரும்ப வாங்கி வச்சிருப்பேன்."

"எத்தன புள்ள?"

"எண்ணலடி."

"நீ எண்ணாம இருக்க மாட்ட அக்கா. எத்தன?"

"பன்னண்டு."

லோம்பே கட்டிலில் இருந்த துணிகளைப் பார்த்தாள். "போர்வ மூணு வச்சேன். ஒண்ணு வாசல்ல போச்சு, ஒண்ணு இங்க இருக்கு. நீலம் எங்க?"

எக்சில்டா மூக்கைச் சிந்தினாள், சித்தேங்கே நுனியைத் தேடினாள், என் பக்கம் பார்த்தாள், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று. எனக்கும் பதில் வேண்டியிருந்தது.

"அந்தப் புள்ள தங்கல" என்றாள் கடைசியில். "அதோடயே வச்சு அனுப்பிட்டாங்க. நான் எப்படிடி திருப்பிக் கேப்பேன்."

லோம்பே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். எக்சில்டா அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தாள். "நான் உன்ன வளத்தவடி. உன்ன முதுகுல கட்டிக்கிட்டுத் தண்ணி சுமந்திருக்கேன். ஒரு துணிக்காக இப்படிப் பாக்கறியே" என்றாள்.

"துணிக்காக இல்லக்கா" என்றாள் லோம்பே. "பாக்காத, பாத்தா செத்துடும்னு சொன்ன பாரு, அதுக்காக." எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஒரு பொருளையும் எடுக்கவில்லை.

வழியில் நான் அவளிடம், "இருக்கறதயாவது எடுத்துட்டு வந்திருக்கலாம். கோவத்துக்குப் பத்து நாள்ல துணி மொளைக்குமா" என்று சத்தம் போட்டேன். எனக்கு என்மேலேயே கோபம், அதை அவளிடம் காட்டினேன். அவள், "நீங்க அனுப்பினவங்க எல்லாரும் நல்லபடியாப் பெத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நல்லபடி என்றுதான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நீலப் போர்வைக்காரி நான் அனுப்பியவளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பத்து நாளில் எவ்வளவு கருவாடு விற்க முடியும்? நான் என் பழைய பிளாஸ்டிக் விரிப்பைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன், வாழைப்பழக்காரி ஒரு தொட்டி தருவதாகச் சொன்னாள். லோம்பே பஞ்சும் டெட்டாலும் கிளிப்பும் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் போகுமிடமெல்லாம் கூடவே வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை சந்தையில் மூட்டை பிரிக்கும்போது போர்வை எடுத்துவிடலாம் என்று ஐம்பது குவாச்சாவைக் கோட்டின் உள்பையில் ஊக்கால் குத்தி வைத்தாள். எல்லாரும் கொடுக்கக் காத்திருந்தோம், ஆனால் எங்களுக்கு நாள் இருக்கிறது என்று நினைத்தோம்.

இரண்டே நாளில், வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில் பனிக்குடம் உடைந்து, கருவாட்டு நாற்றத்தோடு நனைந்த சித்தேங்கேயோடு லோம்பே என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். அப்படியே தாங்கி உள்ளே கொண்டுபோனேன். நர்ஸ் பையைத் திறந்தாள். விரிப்பு, பஞ்சு, டெட்டால், கிளிப். அவ்வளவுதான்.

"போர்வ? நாப்பி? ஒம்பது மாசம் என்னத்தப் புடுங்கிகிட்டிருந்த? வெளியில குளிர் எப்படி இருக்கு, புள்ளைய என் தொப்பிக்குள்ளயா வைப்பேன்?" என்றாள் நர்ஸ். பிறகு லோம்பேயின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கி, என்னிடம், "பின்னாடி வாடகைக்குத் தர்றாங்களாம், ஓடிப் போயி வாங்கிட்டு வாங்க, நேரமில்ல" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனதோடுதான் சொன்னாள்.

என் வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதை நான் சொல்வதற்குள் லோம்பே கோட்டின் உள்பையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஐம்பது குவாச்சாவை எடுத்து நீட்டினாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள்.

"வாங்கிட்டு வாங்க. வாடகைக்கு. காசக் குடுத்துட்டு வாங்க."

"லோம்பே, அது உன்னோட..."

"சும்மா வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் தொட மாட்டேன்."

நான் சுவரைச் சுற்றி ஓடினேன். எக்சில்டா விஷயத்தைக் கேட்டதும் பெட்டியோடு எழுந்துவிட்டாள். ஐம்பதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்தாள். "எந்தங்கச்சிகிட்ட நான் வாடக வாங்குவேனா பானா கபாசோ? நானே கொண்டு வரேன், நகருங்க" என்றாள். எனக்கு அவளோடு வாதாட நேரமில்லை. அவளை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"வாங்கிக்கிட்டாளா?" என்றாள் லோம்பே.

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. கையிலிருந்த நோட்டையே பார்த்தேன்.

"அப்பப் பெட்டியத் திருப்பிக் கொண்டுபோங்க" என்றாள். நர்ஸ் என்னை முறைத்தாள். நான் மறுபடி வெளியே ஓடினேன். எக்சில்டா ஜன்னலுக்குக் கீழேயே நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டை நீட்டினேன். உள்ளே லோம்பே அலறியது கேட்டது. எக்சில்டா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பெண் குழந்தை. ஒரு மணிக்குப் பிறந்தது, பிறந்ததுமே வார்டு அதிர அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். மஞ்சள் போர்வை வாடகை முடிந்து பெட்டிக்குத் திரும்பியிருந்தது, லோம்பே அதில் பிள்ளையைச் சுற்றித் தானே மார்போடு அணைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிள்ளை அதில்தான் தூங்கியது.

மறுநாள் காலை நான் என் இரண்டு சித்தேங்கேயும் கபாசோ சின்னதில் போர்த்திய கம்பளியும் கொண்டுபோனேன். லோம்பே படுக்கையில் இல்லை. குழாயடியில் ஐஸ் தண்ணீரில் நாப்பித் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நேற்றுப் பெற்ற உடம்போடு. திட்டினேன். காதில் வாங்காமல் அலசி வேலியில் போட்டாள், வெயில் ஏறியதும் காய்ந்ததை மடித்தாள். பிள்ளை என் கம்பளிக்கு மாறியது.

மதியம் இரண்டு மணிக்கு எக்சில்டா கூழ்ப் பாத்திரத்தோடு வந்தாள். தலையைச் சீவி, நல்ல துணி உடுத்தி, கண் மட்டும் வீங்கி. வார்டில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவள் கட்டிலருகே குனிந்து பிள்ளையிடம், "பாருடி கண்ணு, பெரியம்மா வந்திருக்கேன்" என்றாள்.

லோம்பே பிள்ளையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மடித்து வைத்த மூட்டையை எடுத்து எக்சில்டாவின் கையில் வைத்தாள். "போர்வ ரெண்டு, நாப்பி ஒம்பது, குல்லா ஒண்ணு. எண்ணிப் பாத்துக்க. புதுக் கறை இல்ல."

"என்னடி இது. இது உன்னோடதுடி லோம்பே."

"என்னோடதுன்னா நேத்து எதுக்கு வாடக வாங்கின?"

எக்சில்டா அந்த மூட்டையோடு நின்றாள். கூழ்ப் பாத்திரம் ஒரு கையில், மூட்டை ஒரு கையில், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. அப்போது பக்கத்துக் கட்டிலில் வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண், கூட வந்தவர் யாருமில்லாமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தவள், மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "அக்கா, அது வாடகைத் துணியா? எவ்வளவு?" என்று கேட்டாள்.

லோம்பேதான் பதில் சொன்னாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, கருவாட்டு விலை சொல்கிற குரலில்.

"அம்பது குவாச்சா. துவைச்சுத் திருப்பிக் குடுத்துடணும். மஞ்சளையே கேட்டு வாங்கிக்க, அதுதான் நல்லா கதகதன்னு இருக்கும்."